அடிக்க முகம் இல்லாதவன்

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் அமிர்தவல்லியின் வலது கையைத் தெரியாதவர்கள் இல்லை. குடித்துவிட்டு வந்து கூடையை எட்டி உதைத்த ஒருவனை ஒருமுறை அவள் தராசுத் தட்டால் அறைந்ததில், அவன் காது மடல் கிழிந்து தொங்கியது. அதே கையால் ஐஸ் துண்டை எடுத்து அவன் காதில் அழுத்திப் பிடித்தபடி, "போ, பெரியாஸ்பத்திரில தையல் போட்டுக்க. திரும்பி வந்து என் கூடைக்குப் பதில் சொல்லிட்டுப் போ" என்று அனுப்பினாள். அவனும் தையலோடு வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போனான்.

வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அப்பா கடலில் காட்டாத வீரத்தையெல்லாம் வீட்டுக்குள் காட்டியவர். ஒரு மழைநாளில் துடுப்பால் அவர் அடித்த அடியில் அம்மாவின் காறை எலும்பு உடைந்தது. அது சரியாகக் கூடவில்லை. சாகும்வரை அம்மாவின் இடது தோள் சாய்ந்தே இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கையை ஓங்குகிறவர்களிடம் பயம் வரவில்லை. நாமும் ஓங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் புருஷன் வடிவேல், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் பின்பக்கம் போனாள். மாமனார் காயவைத்துக் கூரையில் செருகியிருந்த திருக்கை வாலை உருவிக்கொண்டு வந்தாள். முள்ளெல்லாம் சுரசுரவென்றிருக்கும் அந்த வாலால் அவனை வாசலிலிருந்து கடற்கரை மணல்வரை விரட்டி விரட்டி அடித்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. அவன் முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வடிவேல் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக வந்தவர்கள் அந்தத் தழும்பைப் பார்த்தால், "என் பொண்டாட்டி போட்ட கையெழுத்து" என்று பெருமையாகச் சொல்வான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவளிடம் குத்திப் பேசிய நாத்தனாருக்குப் பல்லில் ஒன்று இல்லை.

மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்த வடிவேலுக்கு இரண்டு தடவை காசநோய் வந்துபோனது. அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இறால் உரித்தான், சோறு வடித்தான், அவள் வரும் நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைத்தான். கொரோனா இரண்டாம் அலையில் அவர்கள் தெருவிலேயே பிணங்கள் விழத் தொடங்கியபோது, நெஞ்சு டாக்டர் அவனுடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "இந்த நுரையீரலுக்கு அந்தக் காய்ச்சல் வந்தா தாங்காதும்மா. சீக்கிரம் ஊசி போட்டுடுங்க."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அந்த ஊசி வடிவேலின் கையில் ஏறியாக வேண்டும்.

எங்கே போனாலும் ஸ்டாக் இல்லை என்றார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்ட ஆளின் சட்டையை அவள் ஒருநாள் பிடித்துவிட்டாள். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். கடைசியில் உப்பளம் பகுதியில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் கோபிநாத்திடம் போனாள். அவளோடு மீன் விற்கும் நான்கு பெண்களும் வந்தார்கள். கோபிநாத் எல்லோருடைய ஆதாரையும் வாங்கி, கம்ப்யூட்டரில் அரசாங்கத் தடுப்பூசிப் பக்கத்தில் பதிந்தான். "போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிப் போட்டான்.

"பதிஞ்சாச்சு. ஆனா இடம் ஒண்ணும் காலி இல்ல. தினமும் பாக்கிறேன்" என்றான்.

"ஏன்டா, எதுனா குடுத்தா முன்னாடி கிடைக்குமா?"

"யக்கா, இது ஃப்ரீ. காசு கேட்டா அவன் திருடன்னு அர்த்தம்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, அந்த ஐந்து பெண்களும் மீன் எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் நடக்கும். தனித்தனியாகக் கேட்டால் பெரிய வியாபாரிகளோடு மல்லுக்கட்ட முடியாது என்று ஐந்து பேரும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். கூட்டில் ஒருத்திதான் வாய். மற்றவர்கள் முகத்தில் ஈ ஆடாமல் நிற்க வேண்டும். நடுவில் யாராவது "மீன் நசநசன்னு இருக்கே" என்று சந்தேகமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏலக்காரன் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவான். யோசிக்கிறவளுக்கு மீன் கிடையாது. அமிர்தவல்லிதான் வாய். கூட்டிலேயே இளையவளான துர்கா ஒருநாள் ஏலத்தின் நடுவே சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேட்கப்போக, அமிர்தவல்லி திரும்பிப் பார்க்காமலே புறங்கையால் விட்ட அடியில் துர்காவின் மூக்கில் ரத்தம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு துர்கா கூடையைத் தூக்கினாள். கூட்டு என்றால் அப்படித்தான்.

மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் கிடந்தன. அரசாங்க நிவாரணம் அப்போதுதான் அவர்கள் கணக்கில் விழுந்திருந்தது. அமிர்தவல்லியின் வீட்டு வாசலில் ஐவரும் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது.

"வணக்கம்மா. சுகாதாரத் துறையிலிருந்து பேசுறோம். தடுப்பூசிக்காகக் காத்திருக்கீங்க இல்லையா?" பாலில் சர்க்கரை போட்டது போன்ற குரல்.

"ஆமாய்யா! ஒரு வாரமா காத்துக்கெடக்குறோம்." கோபிநாத் பதிந்ததன் பலன் என்றே அவள் நினைத்தாள்.

"நாளைக்கு உப்பளத்துல ஒரு ஸ்கூல்ல ஸ்பெஷல் கேம்ப். கொஞ்சம் இடம்தான் மிச்சம். உங்களுக்குப் பின்னாடி லைன்ல நிறைய பேர் இருக்காங்க. எத்தனை பேரும்மா?"

இது அவளுக்குப் பழகிய ஏலம். குரல் வேறு, அவசரம் அதேதான்.

"அஞ்சு வீடு. மொத்தமா எனக்கு முடிச்சிடு."

"சரிம்மா. அடையாளத்துக்கு ஆதார் நம்பரும் பேங்க் கார்டுல இருக்கிற நம்பரும் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கா கோட் வரும். அதையும் சொல்லுங்க. சீக்கிரம், போயிடும்."

பெண்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கார்டுகளை எடுத்துவந்தார்கள். ஒவ்வொரு போனிலும் கோட் வந்தது. அதன் கூடவே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கோபிநாத்தும் கோட் கேட்டவன்தானே. நான்கு பேருடையதை அமிர்தவல்லி வாசித்து முடித்தாள். துர்காவின் முறை வந்தபோது அவள் கார்டை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஊசிக்கு எதுக்குக்கா பேங்க் கார்டு?"

சத்தம் போனில் கேட்டுவிடும் என்று அமிர்தவல்லி பதறினாள். கை தானாக எழுந்தது. துர்காவின் வாயில் விழுந்த அடியில் உரித்த இறால் தட்டு கவிழ்ந்தது. உதட்டைப் பொத்திக்கொண்டு அழுதவளின் கையிலிருந்து கார்டையும் போனையும் பிடுங்கி மீதி எண்களைச் சொன்னாள்.

உள்ளே பாயில் படுத்திருந்த வடிவேல் எழுந்து வந்தான். "அந்தப் பொண்ணு கேட்டதுல இன்னா தப்பு?"

"நீ சும்மா கெட மாமா. உனக்குத்தான் இடம் புடிக்கிறேன்."

மறுநாள் காலை அவனுக்கு வெள்ளை வேட்டி கட்டி, முகக்கவசம் மாட்டி, ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள். மற்ற நான்கு பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கேட்டுக்கு முன்னால் ஏற்கெனவே பெருங்கூட்டம். எல்லோர் போனிலும் அதே குரல் பேசியிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஷார்ல், சிப்பாய் என்ற பொருளில் தெருவில் சொல்தா என்றால்தான் தெரியும், கைத்தடியால் கேட்டை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். "உவ்ரே! தொறங்கடா! எங்களை மாடுன்னு நெனச்சீங்களா?"

உள்ளே காவலாளி, "இங்க கேம்ப் எதுவும் இல்லைங்க" என்று கத்தினான். யாரோ கல்லை எறிந்தார்கள். பின்னாலிருந்தவர்கள் முன்னால் ஊசி போடுகிறார்கள் என்று நினைத்து நெருக்கினார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பி முழங்கையால் குத்தினார்கள். ஒருவர் முகத்தின்மேல் இன்னொருவர் இருமினார். முகக்கவசங்கள் அறுந்து காலடியில் மிதிபட்டன. அந்த நெரிசலில் வடிவேல் கீழே விழுந்தான். அமிர்தவல்லி இரண்டு பேரை மயிரைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கினாள். வேட்டியெல்லாம் செருப்புத் தடம். மூச்சு விசிலடித்தது.

அப்போதுதான் பெண்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. சொல்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமிர்தவல்லியின் போனை வாங்கி வாசித்தார். "உன் கணக்குல ஒண்ணும் இல்ல மதாம். துடைச்சிட்டான்." அடுத்தவள் போனை நீட்டினாள். அதிலும் அதேதான்.

"நம்ம நம்பர் அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருத்தி கத்தினாள். "கோபிநாத்துதான் வித்திருப்பான்! அவன்தானே எல்லாத்தையும் எழுதி எடுத்தான்!"

வடிவேலை ஆட்டோவில் சாய்த்துவிட்டு அமிர்தவல்லி நடந்தாள். கூட்டம் பின்னால் வந்தது.

கோபிநாத் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தான். "வாங்கக்கா" என்று சிரித்தான். அவள் ஓரத்தில் சாத்தியிருந்த ஷட்டர் கம்பியை எடுத்தாள். முதல் அடி தோளில். இரண்டாவது அடிக்கு அவன் தலையை மறைக்கக் கையைத் தூக்கினான். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. அவன் கண்ணாடி மேசைக்குள் சரிந்தான். ஒருவன் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட்டான். சொல்தாவின் கைத்தடி அலமாரியை நொறுக்கியது. யாரோ கோபிநாத்தின் விலாவில் மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கலந்து வந்தன.

"நான் விக்கலக்கா... எங்கம்மா மேல சத்தியமா..."

கம்பி மறுபடியும் மேலே போனது. அப்போது அமிர்தவல்லியின் இடுப்பில் போன் அடித்தது.

"வணக்கம்மா. காலையில கேம்ப் இடம் மாறிடுச்சு, மன்னிச்சுக்குங்க. மத்தியானம் எல்லாருக்கும் போட்டுடலாம். துர்காங்கிறவங்களோட கோட் மட்டும் நேத்து லேட்டா சொன்னதால செல்லாமப் போச்சு. புதுசா ஒண்ணு அனுப்புறேன், சொல்லுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கடையில் சத்தம் அடங்கியது. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் கோபிநாத் கிடந்தான். அடித்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டார்கள்.

அப்போதும் சொல்தா மெதுவாகச் சொன்னார்: "சொல்லிடு மதாம். ஒருவேளை நெசமா இருந்தா? இடம் போயிடும்."

அவள் வாய் திறந்தாள். ஆட்டோவில் விசிலடிக்கும் மூச்சு அவள் காதிலேயே இருந்தது. கீழேயிருந்து கோபிநாத், உடைந்த பல்லோடு பேசினான்.

"எந்த ஹெல்த் சென்டர்னு கேளுக்கா. நேர்ல வந்து பேர் குடுக்கிறேன்னு சொல்லு. நான் அன்னைக்கு வாங்குன கோட், நீங்க என் முன்னாடி நிக்கையில, அரசாங்க சைட்ல போடறதுக்கு. போன்ல எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது. ஊசி போடறவனுக்கு எதுக்குக்கா பேங்க் கார்டு?"

துர்கா கேட்ட அதே கேள்வி. துர்காவின் உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"எந்த ஹெல்த் சென்டர்யா?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

"அதெல்லாம் சொல்ல நேரமில்லம்மா. ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"போவட்டும். நான் நேர்ல வரேன். எங்க வரணும், உன் பேர் இன்னா, அத்தச் சொல்லு."

இணைப்பு அறுந்தது. அவள் திரும்ப அழைத்தாள். போகவில்லை. மறுபடி அழைத்தாள். கையிலிருந்த போனைச் சுவரில் அடித்தாள். அது உடைந்து விழுந்தது. அவனுக்கு வலித்திருக்காது.

கூட்டம் கரைந்தது. கோபிநாத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு துர்காவிடம், "முதல்ல பேங்குக்குப் போட்டுக் கார்டை முடக்கச் சொல்லு. அப்புறம் சைபர் கிரைம் நம்பருக்குப் போடு. லேட் பண்ணா ஒண்ணும் மிஞ்சாது" என்றான். சொல்லிவிட்டு மயங்கினான். துர்காவின் கணக்கு மட்டும் தப்பியது. அன்று மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து அமிர்தவல்லியை ஏற்றிப்போனது. இரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தாள்.

வடிவேல் வெந்நீர் போட்டு வைத்திருந்தான். "அந்தப் பையன் இன்னா பண்ணான் அமிர்து?"

"ஒண்ணும் பண்ணல மாமா."

"அப்ப ஏன் அடிச்ச?"

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு குளித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் தெருவுக்கே ஊசி வந்தது. நத்தாலி என்ற நர்ஸ் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வந்து, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் மேசை போட்டாள். போட்ட சிறிது நேரத்தில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இவளும் அந்தக் கும்பல்தான்! பெட்டியில இன்னாடி வெச்சிருக்க? தண்ணியா?" ஒரு கல் வந்து ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்தது. ஒருவன் நர்ஸின் பையைப் பிடுங்கினான். சொல்தா கைத்தடியை ஓங்கினார்.

அமிர்தவல்லி உள்ளே புகுந்தாள். தடி அவள் தோளில் விழுந்தது. அவள் அதைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தாள்.

"ஒருத்தனை அடிச்சது போதும். மொதல்ல கேப்போம். துர்கா, கேளுடி."

துர்கா முன்னால் வந்தாள். "எந்த ஹெல்த் சென்டர்? யார் அனுப்பினது?" நர்ஸ் அடையாள அட்டையைக் காட்டினாள். துர்கா அந்தச் சென்டருக்கே போன் போட்டுக் கேட்டாள். ஆமாம், எங்கள் ஆள்தான் என்றார்கள். "பேங்க் கார்டு வேணுமா? கோட் எதுனா?"

"உங்க பேங்க் கார்டு எனக்கு எதுக்கும்மா?" நர்ஸ் அழுதுவிட்டாள். "ஆதாரைக் காட்டுங்க. கையை நீட்டுங்க. அவ்வளவுதான். காசும் கிடையாது."

அமிர்தவல்லி ஓடிப்போய் வடிவேலைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து முதல் ஆளாக உட்கார வைத்தாள். சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டாள். நர்ஸ் அவன் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டினாள். பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். விரலில் இன்னொன்றை மாட்டினாள்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"அது சளிக் காய்ச்சல். எப்பவும் வரும். போடு."

"இப்பப் போடக் கூடாதும்மா. ஆக்சிஜன் குறைவா இருக்கு. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

"போடுடி!" அவள் நர்ஸின் கழுத்துப் பக்கம் கவுனைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். மற்றக் கை மேலே எழுந்தது. "போன்ல பேசுனவன் கேட்ட ஒடனே சரின்னான். அஞ்சு வீட்டுக்கும் சரின்னான். நீ ஒரு ஆளுக்கு இல்லேன்ற!"

நர்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாளே தவிர, ஊசியைத் தொடவில்லை.

வடிவேல் கையை நீட்டி மனைவியின் முந்தானையைப் பிடித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "விடு அமிர்து. முடியாததை முடியாதுன்னு சொல்லுது பாரு. இந்தப் பொண்ணு நெசம்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவனை மடியில் போட்டுக்கொண்டு அவள் தெருவில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் மற்றவர்கள் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் அவளை விடவில்லை. அவன் திரும்பி வரவுமில்லை. கறுப்புப் பையில் ஜிப் போட்டுக் கொடுத்தார்கள். கருவடிக்குப்பம் சுடுகாட்டில் கவசம் அணிந்த ஆட்கள் தூரத்திலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த முதுகை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். முடியாது என்றார்கள். அவர்களை அவள் அடிக்கவில்லை. நெருப்பு பிடித்த பிறகு தன் வலது கையை மதில் சுவரில் அடித்துக்கொண்டாள், விரல் முட்டி எலும்பு தெரியும்வரை. துர்காதான் இழுத்துப் பிடித்தாள்.

போன் பேசியவனைப் போலீஸ் பிடிக்கவில்லை. சிம் எங்கோ வடக்கே ஒரு செங்கல் சூளைக் கூலியின் பேரில் இருந்ததாம். "அந்தக் குரல்காரனுக்கு ஒரு போட்டோவாவது இருக்கா சார்?" என்று அவள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து கேட்டாள். இல்லை என்றார்கள்.

கோபிநாத்தை அடித்த வழக்கு மட்டும் நடந்தது. அவனுடைய மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. வக்கீல் அவளுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் அவள் அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"அடிச்சது நான்தான்யா. கம்பியால அடிச்சேன்."

"அவர் மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

வடிவேல் கேட்டபோது சொல்லாததை அவள் இப்போது சொன்னாள்.

"தெரியாதுய்யா. தெரிஞ்சுக்கவும் நிக்கல. என் கைக்கு எட்டுனது அவன் மட்டும்தான்."

தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து மறுபடி மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி பற்றியும், செத்தவர்களுக்கான நிவாரணம் பற்றியும் இன்னும் போன் வருகிறது. எந்த ஆபீஸ், நேரில் எங்கே வரணும் என்று மட்டும் கேட்பாள். எதிர்முனை வைத்துவிடும். கோபிநாத் கடையை மறுபடி திறந்துவிட்டான். துர்காவும் மற்ற பெண்களும் அங்கேதான் போகிறார்கள். அவளைத் தெருவில் பார்த்தால் அவன் அந்த மடங்காத கையைப் பின்னால் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பான். அவள் கூப்பிடுவதில்லை. ரீசார்ஜ் செய்ய அவள் மூலக்குளம்வரை பஸ்ஸில் போய்வருகிறாள்.